இடது பக்க விளக்கு

விளம்பரத்தில் விலை போட்டிருக்கவில்லை. அண்ணிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

‘பழைய மாடல் கார் விற்பனைக்கு. எஞ்சின் ஓடும். பாடி வேலை கொஞ்சம் பாக்கி. நேரில் வந்து பார்ப்பவர்களிடம் மட்டுமே பேச்சு.’ அவ்வளவுதான். கீழே ஒரு போன் நம்பர். மேலே, காரின் வலது பக்கம் மட்டும் தெரிகிற ஒரு படம்.

“துரு பிடிச்ச பக்கத்தைப் போய்ப் படம் எடுத்திருக்கான் பாருங்க அண்ணி. பல்லு வலிச்சு வீங்கின கன்னத்தைக் காட்டிக்கிட்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்கு,” என்றான் தகரம்.

அண்ணி சிரிக்கவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “அப்போ இடது பக்கம் இதைவிட மோசமா இருக்கணும். இல்லேன்னா வேணும்னே மறைக்கிறாங்க.”

தகரம் அவள் கணவனின் தம்பி. வயது நாற்பத்தைந்து. இளமையில் ஏழெட்டு வருஷம் கார் பட்டறைகளில் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவன். பட்டப்பெயர் அங்கே ஒட்டியது, பட்டறையை விட்ட பிறகும் உதிரவில்லை. அண்ணி பதினெட்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை மதிப்பிட்டவள். ஒரு பம்பரைப் பார்த்தால் அது மரத்தில் மோதியதா, மாட்டில் மோதியதா, இல்லை சொந்தக்காரனே சுத்தியலை எடுத்து மோதியதா என்று சொல்லிவிடுவாள். வேலையை விட்டு, ஒரு லாண்டரிக் கடையின் மாடியில் அறை எடுத்துத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, போக்கிடம் இல்லாமல் இருந்த கொழுந்தனையும் கூட வைத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் அந்த ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டில் நடக்கிற விசாரணையே தனக்குப் போதும் என்பது அவர் கட்சி.

இந்த வேலையைக் கொண்டுவந்தவர் ஒரு கண் டாக்டர். முந்தின நாள் காலையில் வந்தார். அறுபதைத் தாண்டியவர்; பஞ்சில் சுற்றி எடுத்த மாதிரி குரல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கார் திருடு போனதாகவும், இந்த விளம்பரத்தில் இருப்பது அதுவாக இருக்கலாம் என்று படுவதாகவும் சொன்னார். நீங்களே போய்ப் பார்த்துவிடலாமே என்று அண்ணி கேட்டதற்கு, திருடன் முகத்தில் விழிக்கத் தனக்குத் தெம்பு இல்லை என்றார். தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்பதையும் இரண்டு தடவை சொன்னார்.

போலீஸில் கொடுத்த புகாரின் நகல் கையில் இருந்தது. அந்த மாதம் ஏழாம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய காரைக் காணவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் காரைத் தன் கண்ணால் பார்த்ததில்லை என்றார் டாக்டர். முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது பக்கம் எங்கோ தொலைந்துவிட்டதாம். சேஸிஸ் நம்பர் அதில்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் உங்கள் கார்தான் என்று எதை வைத்துச் சொல்வது என்று அண்ணி கேட்டாள். டாக்டர் யோசிக்கவே இல்லை.

“இடது பக்க ஹெட்லைட்டைச் சுத்தி ஒரு ரிங் இருக்கும், பாருங்க. அது ஒரிஜினல் இல்ல. வேற ஏதோ வண்டியோடது. மூணு இடத்துல சின்னச் சின்ன தகரத் துண்டு வெச்சுப் பத்தவெச்சிருக்கும். அது இருந்தா என் கார்தான்.”

கிளம்பும்போது தகரத்தின் தோளில் கை வைத்து, அட்ரஸ் தெரிந்தவுடன் தனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் படியிறங்கிப் போன பிறகும் அந்தக் கை இன்னும் தோளில் இருப்பது போலவே இருந்தது தகரத்துக்கு. ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டான்.

அண்ணி விளம்பர நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தவர் ஒரு கிழவர். கார் வாங்க விரும்புகிறோம் என்றதும் விலை பேசவில்லை, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். படத்தில் இல்லாத பக்கத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

நேரில் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் அண்ணி. கிழவர் விலாசம் சொன்னார்.

*

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் ஈயச்சட்டி மாதிரி கவிழ்ந்திருந்தது. ஊர் முடிந்து, குடோன்கள் முடிந்து, கால்வாயை ஒட்டிய மண்ரோட்டில் அண்ணியின் சின்னக் கார் ஊர்ந்தது. ரோடு ஒரு இரும்பு கேட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கேட்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கட்டிடம். சுவரில் மங்கிப்போன எழுத்துகளைத் தகரம் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஐஸ் ஃபாக்டரி.

“காரை ஐஸ் பெட்டியில வெச்சு விக்கிறாரா? கெட்டுப்போகாம இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு,” என்றான்.

மழை பிடித்துக்கொண்டது; அண்ணி பின் சீட்டில் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் தகரத்தின் போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. டாக்டர்தான். விலாசம் கிடைத்ததா, எங்கே இருக்கிறீர்கள், தயவுசெய்து. தான் சொல்கிறவரை எதையும் அனுப்பாதே என்று அண்ணி காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் தொல்லை விட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு. நிற்கிற இடத்தின் லொகேஷனை ஒரு தட்டு தட்டி அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டான். பதிலுக்கு உடனே ஒரு நன்றி வந்தது.

கேட்டைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. கையில் ஊன்றுகோல் மாதிரி ஒன்றைப் பிடித்திருந்தார். கிட்டே வந்த பிறகுதான் அது ஊன்றுகோல் இல்லை, ஐஸ் பாரை இழுக்கிற நீளக் கொக்கி என்று தெரிந்தது. நுனி தேய்ந்து வெள்ளையாக மின்னியது.

வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். முற்றத்தில் மரத்தூள் ஒரு ஓரமாக மழையில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. முன்னெல்லாம் ஐஸைக் கோணியில் சுற்றி, கரையாமல் இருக்க மரத்தூளைத் தூவித்தான் அனுப்புவார்கள் என்று பெரியவர் நடந்துகொண்டே சொன்னார். ஃபாக்டரி மூடி ஒன்பது வருஷமாகிறது. மரத்தூள் மட்டும் மிச்சம்.

தகரத்துக்கு அந்த ஈர மரத்தூளின் வாடை மூக்கில் ஏறியது. எங்கேயோ, எப்போதோ நுகர்ந்த வாடை. எங்கே என்று பிடிபடவில்லை.

ஐஸ் அறையின் கதவு ஒரு முழம் கனம் இருந்தது. மூவரும் உள்ளே போனதும் பெரியவர் அதை இழுத்துச் சாத்தினார். சாரல் அடிக்கும் என்றார். மழைச் சத்தம் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுபோனது. தகரம் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை.

ஒற்றை பல்பின் கீழே கார் நின்றது.

கரும்பச்சை நிறம். வட்ட விளக்குகள், வளைந்த முதுகு, முகப்பில் நிக்கல் போன கம்பிப் பல்வரிசை. வலது பக்கம் படத்தில் பார்த்ததைவிட மோசம். துரு சில இடங்களில் தகரத்தைத் தின்று ஓட்டையே போட்டிருந்தது. இடது பக்கத்துக்குப் போன அண்ணி நின்றாள். இடது பக்கம் சுத்தமாக இருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, பார்த்துப் பார்த்து வைத்திருந்த சுத்தம். முன் விளக்குக்கு எதிரே, மூன்றடி தள்ளி, ஒரு மர நாற்காலி. அதன் இருக்கை ஒரே ஆள் வருஷக்கணக்காக உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தது.

தகரம் அண்ணியின் காதருகே, “டி.வி. வாங்க வசதியில்லை போல,” என்றான். ஆனால் அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

பெரியவர் காரின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தளம் துருப் பிடித்திருக்கிறது. ஒயரிங்கை எலி கடித்துவிட்டது. பின் கதவு ஒன்று சாத்தாது. சீட்டு முழுக்க மாற்ற வேண்டும். விற்கிற ஆள் யாரும் இப்படி விற்பதில்லை. அண்ணி பானட்டைத் திறக்கச் சொல்லிச் சேஸிஸ் நம்பரைப் பார்த்தாள். நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது.

“யாரோ அரத்தால ராவிட்டாங்கம்மா. நாலு வருஷம் முன்னாடி ஒரு காயலான் கடையில வாங்குறப்பவே இப்படித்தான் இருந்துச்சு. பேப்பரும் கெடையாது,” என்றார் பெரியவர்.

இத்தனையும் சொன்னவர் இடது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு பேச்சாக இருந்தாலும் அவர் கண் அண்ணியின் மேல் இல்லை. தகரத்தின் கை மேல் இருந்தது.

தகரத்தின் கை அதற்குள் இடது விளக்கைத் தொட்டுவிட்டிருந்தது. டாக்டர் சொன்ன அடையாளத்தைப் பார்க்கத்தான் குனிந்தான். ரிங் வேறு வண்டியுடையதுதான். மூன்று தகரத் துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் வெற்றிலை நுனி மாதிரி வெட்டி, ஓரத்தை உள்பக்கமாக மடித்துப் பற்றவைத்திருந்தது. ஓரத்தை அப்படி மடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை தெரிந்த எவனும் அந்த நேரத்தைச் செலவு பண்ணமாட்டான். அப்படி மடிக்கிற கிறுக்கன் ஒருத்தனைத்தான் தகரத்துக்குத் தெரியும்.

அவன் கை தன்னால் மட்கார்டுக்கு அடியில் போனது. விரல்கள் இருட்டில் தகட்டின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே மேலே ஏறி, ஒரு மடிப்பில் நின்றன. ஆணியால் கீறிய ஒரு முக்கோணம். நடுவில் ஒரு புள்ளி. பக்கத்தில் தேதி. பட்டறையில் அவன் முடித்த ஒவ்வொரு வேலையிலும், யாரும் பார்க்காத இடத்தில், அந்தக் காலத்தில் கீறி வைத்த அடையாளம்.

அவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

“நாலு வருஷத்துல முப்பத்தோரு பேர் வந்து பார்த்தாங்க,” என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. “எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தாங்க, எஞ்சினைப் பார்த்தாங்க. ஒருத்தர் கையும் அங்க போகல. உள்ள என்ன இருக்கு தம்பி?”

கொக்கி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் கதவுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார்.

“இந்த ரூம்ல கத்தினா வெளிய கேக்காது. நானே கத்திப் பார்த்திருக்கேன்.”

*

தகரம் எழுந்து நின்றான். அண்ணியைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்துப் பேசினான். வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கிண்டல் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

“இது நான் செஞ்ச வேலைங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஒருநாள் பட்டறை முதலாளி மற்ற எல்லோருக்கும் லீவு கொடுத்துவிட்டு அவனை மட்டும் வரச்சொன்னார். தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நின்றது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றார். இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. விளக்கின் ரிங்கைக் காணோம். அந்த மாடல் ரிங் கையில் இல்லாததால், பழைய வேன் ஒன்றின் ரிங்கை எடுத்து, துண்டு வைத்துப் பற்றவைத்துப் பொருத்தினான். விளக்கைக் கழற்றியபோது உள் கிண்ணத்தில் ஈர மரத்தூள் அப்பியிருந்தது. ஒரு கோணி இழையும் இருந்தது.

என்னவென்று முதலாளியிடம் கேட்டானாம். ஏதோ தச்சுப் பட்டறைச் சுவரில் இடித்துவிட்டார்கள் என்றாராம் அவர்.

“நம்பினியா?” பெரியவர் கேட்டார்.

“நம்பிட்டா நல்லதுன்னு இருந்துச்சு,” என்றான். “சுவத்துல மோதின தகரம் அப்படி நசுங்காது. எனக்கு அது தெரியும்.”

வண்டி யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. முதலாளி இறந்து பத்து வருஷம் ஆகிறது. இதையும் சொன்னான். சொல்லும்போதே, எதிரே நிற்கிறவருக்கு இது போதாது என்றும் அவனுக்குத் தெரிந்தது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கியை மடியின் குறுக்கே வைத்துக்கொண்டார். ஒரே மகன், பத்தொன்பது வயது, சைக்கிள் கேரியரில் ஒரு ஐஸ் பாரைக் கட்டிக்கொண்டு இதே கால்வாய் ரோட்டில் போனான். இன்னும் இருட்டாத நேரம். திரும்பி வராததால் இவர் தேடிக்கொண்டு போனார்.

“போலீஸ்ல, உடனே உயிர் போயிருக்கும்னாங்க. ஐஸ் பாரு பக்கத்துலயே கெடந்துச்சும்மா. கோணி கிழிஞ்சு, நாலுல ஒரு பங்கு கரைஞ்சிருந்துச்சு. ஐஸ்காரனுக்கு அது போதும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் புள்ள கையை ஊணி ஊணி நகர்ந்திருக்கான். மண்ணுல தடம் இருந்துச்சு.”

தகரம் காரின் மேல் சாய்ந்துகொள்ளப் போனவன், எதில் சாய்கிறோம் என்று உணர்ந்து விலகிக்கொண்டான்.

பெரியவர் சட்டைக்குள் கையை விட்டு ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். ஒரு பக்கம் வளைந்துபோன ஒரு நிக்கல் ரிங். மகன் பக்கத்தில் கிடந்தது அது. பதினெட்டு வருஷம் ஊர் ஊராகக் காயலான் கடைகளில் இடது ரிங் மாறிய வண்டியைத் தேடினார். கிடைத்தது. ஆனால் யாருடையது என்று சொல்ல வண்டியில் எதுவும் இல்லை. அதனால்தான் விளம்பரம் போட்டார். இந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்தவன் என்றாவது ஒருநாள் கேட்பான், அல்லது கையை விட்டுப் பார்ப்பான்.

மகன் இறந்தது என்ன தேதி என்று அண்ணி கேட்டாள். பெரியவர் மாதமும் வருஷமும் சேர்த்துச் சொன்னார். ஏழாம் தேதி, சாயங்காலம்.

“தம்பி, உள்ள நீ கீறின தேதி என்ன?”

தகரம் போன் டார்ச்சைப் போட்டு மறுபடி மட்கார்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். அதே மாதம். அதே வருஷம். ஒன்பது.

“ஏழாம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஒரிஜினல் ரிங் வண்டியில இருந்திருக்கு. வேன் ரிங் வந்தது ஒன்பதாம் தேதி,” என்றாள் அண்ணி. “ஏழாம் தேதி பகல்லயே வண்டி காணாமப்போயிட்டதுன்னு ஒருத்தர் புகார் கொடுத்திருக்கார். அதுக்கப்புறம் வண்டியைக் கண்ணாலயே பார்க்கலையாம். அப்படின்னா மூணு துண்டு வெச்சுப் பத்தவெச்ச ரிங் அவருக்கு எப்படித் தெரியும்?”

புகாரில் சேஸிஸ் நம்பர் இருந்த பக்கம் ஏன் தொலைந்தது என்பதும் தகரத்துக்கு அப்போது புரிந்தது. நம்பர் வண்டியில் இருக்காது என்று அதை ராவச் சொன்னவருக்குத் தெரியாதா? அதனால்தான் அவருக்கு வேறு அடையாளம் வேண்டியிருந்தது.

பெரியவர் மெல்ல எழுந்தார். “யாரும்மா அது?”

“சொன்னா என்ன செய்வீங்க?”

அவர் கொக்கியைப் பார்த்தார். “தெரியலம்மா. இருபத்திரண்டு வருஷமா ஒரு நாளைக்கு ஒண்ணு நெனச்சிருக்கேன்.”

அண்ணி சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறியதைத் தகரம் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேட்டில் நின்றபோது டாக்டருக்கு லொகேஷன் அனுப்பிவிட்டதைச் சொல்லிவிட்டான். அண்ணி அவனைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. கனமான கதவுக்கு அப்பாலிருந்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, மூன்று தட்டு.

*

பெரியவர் போய்த் திறந்தார். மழைக் கோட்டுடன் கண் டாக்டர் நின்றார். அண்ணியையும் தகரத்தையும் பார்த்துத் தலையசைத்தார். வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டீர்கள், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதே பஞ்சுக் குரலில் சொன்னார். பிறகு பெரியவரிடம் திரும்பி, காரைத் தான் வாங்கிக்கொள்வதாகவும், கேட்கிற விலையைக் கொடுப்பதாகவும், இழுத்துப் போகிற வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

“வண்டியை நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே,” என்றார் பெரியவர்.

டாக்டர் புன்னகைத்தார். பார்க்கவேண்டிய அவசியம் இல்லை என்றார். உள்ளே வந்ததிலிருந்து அவர் முகம் ஒரு தடவைகூடக் காரின் பக்கம் திரும்பியிருக்கவில்லை என்பதைத் தகரம் அப்போதுதான் கவனித்தான்.

பெரியவர் கதவைச் சாத்தினார். டாக்டரின் கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் அந்த வளைந்த ரிங்கை வைத்தார்.

டாக்டர் ரிங்கைப் பார்த்தார். அண்ணி, புகாரில் இருந்த தேதியையும் மட்கார்டில் இருந்த தேதியையும் எடுத்துச் சொன்னாள். தேதியைக் குமாஸ்தா மாற்றி எழுதியிருக்கலாம் என்றார் டாக்டர். ரிங்கைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டிருக்கலாம் என்றார். பிசிறில்லாத பதில்கள். கோர்ட்டில் நிற்கக்கூடிய பதில்கள்.

பெரியவர் இதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டாக்டருக்கு மிக அருகில் வந்து நின்றார். கொக்கியின் நுனி டாக்டரின் மழைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு அடி முன்னால் வைத்தாள். பெரியவர் அவளைப் பார்க்காமலே இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நான் உங்களை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும் சார். நீங்க எறங்கிப் பார்த்தீங்க. காலடி இருந்துச்சு, ஷூ போட்ட காலடி, அவன் தலைமாட்டுல. எறங்கிப் பார்த்தப்போ அவன் ஏதாவது சொன்னானா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டையைத் தேடிய கை பையைக் கண்டுபிடிக்காமல் கோட்டின் மேலேயே அலைந்தது.

“தண்ணி கேட்டான்,” என்றார்.

“கொடுத்தீங்களா?”

டாக்டர் தரையைப் பார்த்தார்.

பெரியவரின் கை கொக்கியில் இறுகியது. நரம்புகள் எழுந்து நின்றன. நுனி மெல்ல மேலே உயர்ந்து டாக்டரின் கழுத்து மட்டத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. தகரம் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்று நினைத்தான். ஆனால் பாய வேண்டிய நியாயம் தனக்கு உண்டா என்று தெரியவில்லை.

பெரியவர் அப்படியே திரும்பினார். சுவரில் இருந்த ஆணியில் கொக்கியை மாட்டினார். மாட்டிய கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அண்ணியிடம் மெல்லிய குரலில், நீங்கள் எனக்காக வேலை பார்க்கிறவர்கள், இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்று நினைவுபடுத்தினார்.

“இது உங்க கார்தானான்னு பார்த்துச் சொல்லச் சொன்னீங்க,” என்றாள் அண்ணி. “உங்க கார்தான். அந்த வேலை முடிஞ்சது டாக்டர்.”

அவள் தகரத்தைப் பார்த்தாள். அண்ணி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். மழை சத்தத்தோடு உள்ளே வந்தது. சிக்னலுக்காக முற்றத்தின் நடுவே, மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்டான். அண்ணி கதவருகே டாக்டருக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

எடுத்த ஏட்டுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழைய கேஸா என்று இரண்டு முறை கேட்டார். தகரம் தேதியையும் இடத்தையும் சொன்னான். வண்டி இருக்கிறது, ரிங் இருக்கிறது, வண்டியை ஓட்டியவரும் இருக்கிறார் என்றான்.

“எத்தனை பேரை அழைச்சுட்டு வரணும்னு சொல்லுங்க, வண்டி அனுப்புறேன்,” என்றார் ஏட்டு.

“ரெண்டு பேர்,” என்றான் தகரம். “ஒருத்தர் டாக்டர். இன்னொருத்தன், அடிபட்ட தடம் வெளிய தெரியாதபடி அந்த வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்தவன். அது நான்தான். பேர் எழுதிக்கோங்க.”

பேரைச் சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். திரும்பினால் பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மழைக்கு இப்பாலும் அப்பாலுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவர் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார்.

“உள்ள வந்து நில்லு,” என்றார். “அவங்க வர நேரமாகும். நனையுற.”